தேன் மெஷினுக்கு 304 ஷீட்: மார்த்தாண்டத்தில் நான் வாங்கிய கடை, வாங்கிய விதம்

எங்கள் பக்கம் ஷீட் என்று சொன்னால் முதலில் எல்லோருக்கும் ரப்பர் ஷீட்தான் ஞாபகம் வரும். நான் எழுதப்போவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷீட் பற்றி, 304 என்பது அதில் ஒரு ரகம். களியக்காவிளைக்குக் கிழக்கே எனக்குக் கொஞ்சம் ரப்பரும் அதற்கு நடுவில் தேனீப் பெட்டிகளும் இருக்கின்றன. ரப்பர் மரம் இலை உதிர்த்து ஜனவரி, பிப்ரவரியில் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கும், தேனீ அதைத்தான் எடுத்து வந்து தேனாக்கும், பூவுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. அந்த ரெண்டு மூணு மாதத்தில் அடைச் சட்டங்களை டிரம்முக்குள் வைத்துச் சுற்றித் தேன் எடுக்கிற மெஷின் ஓய்வில்லாமல் ஓடும். அந்த மெஷினுக்குத்தான் ஷீட் வாங்கப் போனேன்.

ஏன் புதிதாகச் செய்ய வேண்டி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு பட்டறையில் டிரம் அடித்து வாங்கினேன், எந்தப் பட்டறை என்பது வேண்டாம். "304 தான், சந்தேகமே வேண்டாம்" என்றார்கள். நானும் பையிலிருந்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, சரி நல்ல ஸ்டீல்தான் என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ரெண்டாவது சீசன் முடிந்து கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டிரம்மை எடுத்தபோது வெல்டிங் கோட்டுக்குக் கீழே பழுப்பாகக் கண்ணீர் வடிந்த மாதிரி தடம். விரலால் தேய்த்தால் விரலில் துரு. இன்னும் கீழே, அடித்தட்டும் சுவரும் சேருகிற மூலையில் ஊசிமுனை அளவில் ஏழெட்டுக் குழிகள். விற்பதற்கான தேன் அந்த மூலையில்தான் வந்து நிற்கும் என்று நினைத்தபோது வயிறு கலங்கிவிட்டது. அன்றைக்கே அதை ஓரம் கட்டினேன்.

மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற இந்த ஷீட் கடையை, அய்ஸ் பெட்டி செய்கிற ஒரு குளச்சல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்பக்கம் கடை, பின்பக்கம் கட்டிங் மெஷினும் பெண்டிங் மெஷினும். உள்ளே போய் "18 கேஜ் என்ன விலை" என்று கேட்டேன், கேஜ் என்பது ஷீட்டின் தடிமனைச் சொல்கிற நம்பர். கடைக்கார அண்ணாச்சி விலை சொல்லவில்லை. "என்னத்துக்கு தம்பி? உள்ள என்ன நிக்கும்? வெயில் மழையில கிடக்குமா, கடல் காத்து படுமா?" என்று மூன்று கேள்வி கேட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே கடைக்கு முழு மார்க் கொடுப்பேன். இதுவரை நான் போன எந்தக் கடையிலும் ஷீட் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

பழைய டிரம்மின் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் துடைத்து ஒரு சொட்டு டெஸ்டிங் லிக்விட் விட்டு, சின்ன பேட்டரியின் ரெண்டு முனையையும் தொட வைத்தார். சில நொடியில் சொட்டு சிவப்பாக மாறிவிட்டது. பக்கத்திலேயே தன் கடை 304 துண்டில் அதே மாதிரி செய்து காட்டினார், அதில் சிவப்பு வரவில்லை. சிவப்பு வந்தால் மாங்கனீஸ் கூடுதல், அதாவது 202 மாதிரியான 200 வரிசை ஸ்டீல். 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 202-ல் விலை கூடிய நிக்கலைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீஸ் போடுகிறார்கள். இது கள்ளச் சரக்கு இல்லை, கைப்பிடிக்கும் கிரில்லுக்கும் நன்றாகவே உழைக்கும். ஆனால் தேன் அமிலத்தன்மை உள்ளது, அதன் பி.எச். சராசரியாக 4-க்குச் சற்றுக் கீழே, அது நிற்கிற பாத்திரத்துக்கு 202 ஆகாது.

காந்தம் பற்றியும் அப்போதுதான் விளங்கியது. 202, 304 ரெண்டிலுமே காந்தம் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை இந்த ரெண்டையும் பிரித்துக் காட்டாது. இன்னொன்று, நல்ல 304 ஷீட்டையே மடக்கினால் மடக்கிய ஓரத்தில் காந்தம் லேசாக இழுக்கும், அதைப் பார்த்து நல்ல சாமானைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு என்றார். காந்தத்தை மட்டும் நம்பி ஷீட் வாங்குகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள்.

நான் 316 போட்டுவிடலாமா என்று கேட்டேன், ஒருமுறை அடிபட்ட பயம். அவர் விற்க மறுத்துவிட்டார். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்வதால் உப்புக் காற்றையும் உப்புத் தண்ணீரையும் தாங்கும், அது குளச்சல் கரையில் மீன் தட்டு செய்கிறவருக்குத் தேவை, மலையோரத்தில் ஷெட்டுக்குள் நிற்கிற தேன் டிரம்முக்கு 304 போதும் என்றார். கூடுதல் விலைச் சாமானை எடுக்க வந்தவனிடம் வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் மதிக்கிறேன்.

தடிமனிலும் இதே கதைதான். 16 கேஜ் போட்டால் ஆயுசு என்று நினைத்துக்கொண்டு போனேன். கேஜ் நம்பர் கூடக்கூட ஷீட் மெலிசு, 16 என்றால் 1.6 மில்லி, 18 என்றால் 1.2 மில்லி. எட்டுக்கு நாலு அடி முழு ஷீட் 16 கேஜில் கிட்டத்தட்ட 38 கிலோ வரும், 18 கேஜில் 28 கிலோ. ஷீட் கிலோ கணக்கில்தான் விலை, அந்தப் பத்துக் கிலோவுக்கும் காசு நான்தான் கொடுக்க வேண்டும். கையால் சுற்றுகிற நாலு சட்ட மெஷினுக்கு உறுதி ஷீட்டின் தடிமனில் வராது, விளிம்பை மடக்கி நடுவில் ஒரு வளையக் கோடு தட்டினால் 18 கேஜே அசையாது என்றார். இப்போது மெஷின் ஓடும்போது கை வைத்துப் பார்த்தால் அதிர்வு கம்மிதான், அவர் சொன்னது சரி.

மைக்ரோமீட்டர் அவரே எடுத்து நீட்டினார். நாலு ஓரத்திலும் வைத்துப் பார்த்தேன், 1.17-லிருந்து 1.19 வரை காட்டியது. என் பழைய டிரம் துண்டு, 18 கேஜ் என்று வாங்கியது, 0.98 காட்டியது. தராசில் ஏற்றும்போது மனசுக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 304 ஷீட் ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லி தடிமன் என்றால் ஏறக்குறைய 8 கிலோ. முழு ஷீட் மூன்று சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அப்புறம் வெட்டும் கணக்கு. 20 இஞ்ச் விட்ட டிரம்முக்குச் சுற்றளவு 63 இஞ்ச், உயரம் 24. ஷீட்டை நீளவாக்கில் ரெண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் 63 இஞ்ச் வெட்டினால் 33 இஞ்ச் மிச்சம், அதில் மடிப்புக்குச் சுற்றிலும் ஒரு இஞ்ச் விட்டு 22 இஞ்ச் அடித்தட்டு வந்துவிடும். மறுபாதியில் அதே அளவில் தேன் தெளிய வைக்கும் டேங்க். சாக்பீஸால் தரையிலேயே வரைந்து காட்டினார். உள்பக்கத்துக்கு மிரர் பினிஷ் கேட்காதே, ஆலையிலிருந்து வரும்போதே இருக்கிற மங்கலான வழவழப்பு, அதாவது 2பி பினிஷ் போதும், ஷீட்டில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் படலத்தை வெல்டிங்குக்குச் சற்று முன்னால்தான் உரி என்றார்.

வெல்டிங்குக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்குப் பழைய டிரம் போனதே பாதி இதனால்தான். ஆர்கான் வாயு வைத்துச் செய்கிற டிக் வெல்டிங், அதில் உருக்கிச் சேர்க்க 304-க்குப் பொருந்துகிற 308எல் கம்பி. வெல்டிங் பக்கத்தில் நீலமும் பழுப்புமாகச் சூட்டு நிறம் ஏறினால் அதை எடுத்தே தீர வேண்டும், அங்கே ஸ்டீலின் பாதுகாப்புப் படலம் போயிருக்கும், துரு அங்கேதான் பிடிக்கும். பிக்ளிங் பேஸ்ட் போட்டால் நிறம் போகும், ஆனால் அதில் கொடிய ஆசிட் இருக்கிறது, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. இரும்பு தேய்த்த கிரைண்டிங் டிஸ்க்கை ஸ்டெயின்லெஸ்ஸில் வைக்கக்கூடாது, இரும்புத் தூள் பதிந்து அதுவே துருவாகும். விளிம்புக்குள் வைத்து மடிக்கிற கம்பியும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும், ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வைத்தால் கழுவிய தண்ணீர் உள்ளே நின்று துரு வெளியே கசியும். அப்பா காலத்தில் டிரம்மே ஜி.ஐ. ஷீட்டில்தான் இருந்தது. தேனின் அமிலம் துத்தநாகத்தைக் கரைக்கும், இன்றைக்கு அதை யாரும் செய்யாதீர்கள். ஷெட்டுக் கூரைக்கு வேண்டுமானால் துத்தநாகமும் அலுமினியமும் பூசிய கால்வால்யூம் ஷீட் போடலாம், ரெண்டு பருவமழையும் கொட்டுகிற ஊருக்கு அது ஏற்றது.

குறைகளும் உண்டு. ஷீட்டை உருட்டும் ரோலிங் மெஷின் இவரிடம் இல்லை, வெட்டிய துண்டை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்த்தான் உருட்டினேன், ஆட்டோ வாடகை தனி. அடித்தட்டு வட்டத்துக்கு ரெண்டு நாள் காக்க வைத்தார்கள். ஒரு துண்டின் ஓரத்தில் பிசிறு சரியாக எடுக்கவில்லை, கை கிழிந்தது. வண்டி நிறுத்த இடமே கிடையாது, காலையில் ஒன்பதரைக்கு முன்னால் போனால் தப்பிக்கலாம்.

பில்லில் 304 என்று கிரேடும் தடிமனும் எழுதித் தந்தார், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு. ஷீட் செய்த ஆலை தருகிற மில் சர்ட்டிபிகேட்டின் நகல் கேட்டேன், எடுத்துக் கொடுத்தார், எந்தத் தொகுதியாக உருக்கியது என்று காட்டுகிற ஹீட் நம்பர் அதிலிருந்தது, அதுவும் ஷீட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் நம்பரும் ஒன்றுதான். பில்லில் கிரேடு எழுதத் தயங்குகிற கடையில் நான் இனி ஒரு அடி ஷீட்கூட வாங்கமாட்டேன்.

ரெண்டு சீசன் ஓட்டியாகிவிட்டது. போன வாரம் கழுவிக் காயவைத்த டிரம்முக்குள் டார்ச் அடித்து, பழைய டிரம்மில் குழி விழுந்த அதே மூலையை வெள்ளை வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தேன். துணியில் மெழுகு வாசம் மட்டும் இருந்தது. எட்டுச் சட்ட மெஷின் ஒன்றுக்கு அடுத்த மாதம் அதே கடைக்குப் போகிறேன், இந்த முறை படம் வரைந்து கொண்டு.