குளிர் ஊரில் இருவர் சமையலுக்கு 3 லீட்டர் உள்மூடி குக்கர்

பென்ஷன் எடுத்த தம்பதி இருக்கும் வீட்டில் ஆண்டின் பெரும்பகுதி இரண்டு பேருக்குத்தான் உலை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் லீவு வந்தால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். ஆறு ஏழு தட்டு வைக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு குக்கர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் 5 லீட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து வீடுகளுக்கு 3 லீட்டர் உள்மூடி அலுமினியக் குக்கரே சரி என்பது எங்கள் கணிப்பு. ஆனால் பெட்டிக்குள் வரும் சமையல் புத்தகத்தின் விசில் கணக்கை இங்கே அப்படியே பின்பற்றினால் கடலை பல்லில் கடிபடும். அந்தக் கணக்கு தாழ்ந்த ஊர்களுக்கு எழுதியது.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 94 பாகை வரும்போதே தளதளவென்று கொதித்துவிடுகிறது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96ஐ ஒட்டி, கண்டியில் 98க்குக் கொஞ்சம் மேல். கொதிக்கிற தண்ணீருக்கு அதற்கப்புறம் சூடு ஏறாது; அடுப்பைக் கூட்டினால் ஆவிதான் கூடும், காஸ்தான் குறையும். திறந்த சட்டியில் கடலையும் நாட்டரிசியும் வேகாமல் கிடப்பது இதனால்தான். குக்கர் வெளிக் காற்றழுத்தத்துக்கு மேலே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தத்தை உள்ளே கட்டிவைக்கிறது. கொழும்பில் அதனால் 120 பாகை வரை சூடு ஏறும். அதே குக்கர், அதே வெயிட், நுவரெலியாவில் 117 பாகையோடு நின்றுவிடும். மூன்று பாகைதானே என்று தோன்றும். ஊறிய கடலைக்கு அது மூன்று நான்கு நிமிடம்.

கணக்கு இப்படி: 600 மீட்டருக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அழுத்தத்தில் வேகும் நேரத்தை 5 வீதம் கூட்டுங்கள். கண்டியில் கூட்டவே வேண்டாம். ஹட்டன், பண்டாரவளையில் பத்தில் ஒரு பங்கு. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் ஐந்தில் ஒரு பங்கு. கீழே சொல்லியிருக்கும் நிமிடங்கள் எல்லாம் நுவரெலியாவுக்கு. மற்ற ஊர்க்காரர்கள் குறைத்துக்கொள்ளலாம்.

விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள். பெரிய தீயில் மூன்று நிமிடத்தில் ஐந்து விசில் அடிக்கும், சிறு தீயில் அதே ஐந்துக்குக் கால் மணித்தியாலம் போகும். மார்கழி, தை மாதக் காலைகளில் காஸே மந்தமாகத்தான் வரும். சிலிண்டருக்குள் இருக்கும் பியூட்டேன் 0 பாகையை ஒட்டித்தான் கொதித்து ஆவியாகிறது. வெளியே நல்ல குளிர் என்றால் ஆவியாகும் வேகம் குறைந்து சுவாலை சின்னதாகிவிடும். அதற்காகச் சிலிண்டரைச் சரித்து வைப்பதும், அடியில் சுடுதண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து, செய்யாதீர்கள். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து, அங்கிருந்து மணிக்கூட்டைப் பாருங்கள். முதல் விசிலுக்கு எடுத்த நேரம் எந்தக் கணக்கிலும் சேராது.

இனி குக்கர். உள்மூடி வகையில் மூடி கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும். அதைச் சரித்து உள்ளே இறக்கி, திருப்பி, மேலே இழுத்துக் கைப்பிடியைக் கொளுவ வேண்டும். முதல் வாரம் கை தடுமாறும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். உள்ளே ஆவி இருக்கும் வரை அந்த ஆவியே மூடியை வாயோடு அழுத்திப் பிடிப்பதால், அவசரப்பட்டாலும் திறக்க முடியாது. ஞாபக மறதி எட்டிப் பார்க்கும் வயதில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. வெளிமூடி வகையில் மூடிப் பல்லையும் பாத்திரப் பல்லையும் நேர்படுத்தித் திருகவேண்டும்; மூட்டுவலி உள்ள விரல்களுக்கு அது சிரமம். உள்மூடியின் குறை வாய் ஒடுக்கமாக இருப்பது. உள்ளே கிண்ணம் வைத்து அவிப்பவர்கள் கடைக்குக் கிண்ணத்தையும் கொண்டுபோய் இறக்கிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. கழுவும்போதும் அடி விளிம்பில் பிடித்ததைக் கைவிட்டுத் தேய்ப்பது லேசில்லை.

5 லீட்டர் ஏன் வேண்டாம்? பாதி நிரப்பினாலே இரண்டரை லீட்டர், பாத்திரத்தின் பாரம் தனி. அடுப்பிலிருந்து இறக்கும்போது மணிக்கட்டு சொல்லிவிடும். இரண்டு பேருக்கு ஒரு சுண்டு அரிசி அதற்குள் அடியோடு அடியாகக் கிடந்து பிடித்துப்போகும். லீவுக் கூட்டத்துக்கு 3 லீட்டர் ஒரே தடவையில் போதாது என்பதும் உண்மை. முதலில் கடலையையோ இறைச்சியையோ வேகவைத்துச் சட்டிக்கு மாற்றிவிட்டு, பிறகு சோற்றை இரண்டு தடவையாக ஏற்றினால் ஏழு பேர் சாப்பாடு தயார். பத்துப் பேர் என்றால் பக்கத்து வீட்டுப் பெரிய குக்கரைக் கேளுங்கள்.

நிரப்பும் அளவில் விட்டுக்கொடுப்பே கூடாது. கறி, கிழங்கு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2 லீட்டர். அரிசி, பருப்பு, கடலை மாதிரி ஊதுகிற சாமான் என்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதி, ஒன்றரை லீட்டர். குறைந்தபட்சம் ஒரு கப் தண்ணீராவது இருக்க வேண்டும். கறியில் எண்ணெய் மிதப்பதைத் தண்ணீரோடு சேர்க்காதீர்கள்.

சிவப்பு நாட்டரிசிதான் இந்தக் குக்கர் நன்றாகச் செய்யும் வேலை. ஒரு சுண்டு அரிசியைக் கழுவி, இரண்டேகால் சுண்டு தண்ணீர், அரைக் கரண்டி உப்பு. முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 10 நிமிடம், அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்கும் வரை விடுங்கள். அவசரத்தில் வெயிட்டைத் தூக்கிவிட்டால் கஞ்சி நுரைத்து ஓட்டை வழியாகச் சீறும், அரிசியும் வெடித்துக் குழையும். மூடியில் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கிற பழக்கமும் இங்கே வேண்டாம். நம் ஊர்த் தண்ணீர் ஐஸ் மாதிரி, அழுத்தம் படாரென்று இறங்கி உள்ளே இருப்பது கொந்தளித்து மேலே ஏறும்.

பின்னேரம் மூடுபனி இறங்கும் நேரத்துக்குத் தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்த கடலையும் கருப்பட்டித் துண்டோடு பிளேன் டீயும் போதும், வேறு விருந்து தேவையில்லை. 200 கிராம் கொண்டைக்கடலையை இரவே ஊறவையுங்கள். குளிர் வீட்டில் பச்சைத்தண்ணீரில் எட்டு மணித்தியாலம் ஊறியும் நடுவில் வெள்ளையாகக் கல்லுப்போல இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துப் பாத்திரத்தைத் துணியால் சுற்றிவைத்தால் அந்தக் குறை வராது. ஒரு கடலையைப் பிளந்து பாருங்கள், உள்ளே ஒரே நிறமாக இருந்தால் ஊறிவிட்டது. மூன்று கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, 18 முதல் 20 நிமிடம். அப்படியும் வேகவில்லை என்றால் கடலை பழசு. கடை மூட்டையில் நெடுநாள் கிடந்த கடலை எவ்வளவு நேரம் வைத்தாலும் மெத்தென்று ஆகாது. அப்பச்சோடா போட்டால் வேகும்தான், சவர்க்கார வாசனை வந்துவிடும். இன்னொன்று, புளி, கொறுக்காய், தக்காளி எதையும் வேகும்போது போடாதீர்கள். புளிப்பு பட்டால் தோல் இறுகிவிடும். வெந்த பிறகு தாளிப்பில் சேர்த்தால் போதும்.

மைசூர்ப் பருப்புக்கு இந்தச் சின்னக் குக்கரை எடுக்கவே வேண்டாம். அது பொங்கி நுரைத்து ஆவிக் குழாயை அடைக்கும். சட்டியிலேயே இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கரைந்துவிடும் பருப்புக்குக் குக்கர் எதற்கு? மரவள்ளிக்கிழங்கையும் மூடி அவிக்கக் கூடாது. கிழங்கில் இருக்கும் சயனைட்டு நஞ்சு ஆவியோடு வெளியேற வழி வேண்டும் என்பதால்தான் பெரியவர்கள் திறந்த பானையில் நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றினார்கள். கட்டச்சம்பலோடு அதைச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் அந்த வழியையே பின்பற்றுங்கள். வெலிமடை உருளைக்கிழங்கு தோலோடு முழுசாக என்றால் 10 நிமிடம். கரட், போஞ்சி, லீக்ஸ் எல்லாம் திறந்த சட்டிக்கு உரியவை. குக்கரில் நிறமும் போய் மணமும் போய்விடும்.

இறைச்சிக்கு நேரம் வேறு வேறு. எலும்போடு ஆட்டிறைச்சி அரைக் கிலோவுக்கு 24 நிமிடம், ஊர்க்கோழிக்கு 18. புரொய்லர் கோழிக்குக் குக்கர் தேவையில்லை, நாராகிவிடும்.

சர்க்கரைப் பொங்கலில்தான் பலருக்குப் பிழைக்கிறது. ஒரு சுண்டு பச்சரிசி, கால் சுண்டு வறுத்த பயற்றம்பருப்பு, நாலரைச் சுண்டு தண்ணீர், 12 நிமிடம். பாலை மூடிக்குள் விடாதீர்கள், நுரைத்து வால்வு வரை ஏறும். சர்க்கரையும் முதலில் வேண்டாம். இனிப்புச் சேர்ந்த அரிசி அதற்குமேல் வேகாது, அடியும் கருகும். அரிசி குழைந்த பிறகு மூடியைத் திறந்து, 250 கிராம் சர்க்கரையை அரைக் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றி, ஒரு கப் பாலோடு சிறு தீயில் கிண்டுங்கள். வடிகட்டாவிட்டால் மண் கடிபடும். இது வெள்ளிக்கிழமைக்கும் மார்கழிப் பூசைக்கும் உரிய முறை. தைப்பொங்கலன்று பால் பொங்கி வழிய வேண்டும், பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். அன்றைக்கு வாசலில் பானைதான்.

வெயிட்டைக் கழற்றிவிட்டால் இதுவே ஆவிச் சட்டி. நத்தாருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வட்டிலப்பம் செய்ய 5 முட்டை, 250 கிராம் கித்துள் கருப்பட்டி, 200 மில்லிலீட்டர் கட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய். கருப்பட்டியைப் பாலில் கரைத்து வடித்து, முட்டையை நுரை வராமல் கலக்கிச் சேர்த்து, கிண்ணத்தின் வாயை எண்ணெய்க் கடதாசியால் கட்டுங்கள். கட்டாவிட்டால் மூடியில் கோர்க்கும் தண்ணீர் சொட்டி மேற்பரப்பு குழியாகும். வெயிட் இல்லாமல் 45 முதல் 50 நிமிடம், இடையில் அடித் தண்ணீர் வற்றாமல் பாருங்கள். வெயிட் போட்டுச் சீக்கிரம் முடிக்க நினைத்தால் முட்டை அளவுக்கு மீறி இறுகி, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகித் தண்ணீர் விடும். அப்படியான வட்டிலப்பத்தைத் திருத்த வழியில்லை.

தோசை மா புளிக்காத குளிருக்கும் குக்கர் கைகொடுக்கும். இரண்டு கப் தண்ணீரை அதில் சூடாக்கி, விரல் வைத்துப் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மாப் பாத்திரத்தை உள்ளே இறக்கி மூடி, பழைய போர்வையால் சுற்றிவிடுங்கள். மாவுக்கு மேலே பொங்க இடம் விட்டிருக்க வேண்டும். தண்ணீர் அதிகம் சுட்டால் மா அடியில் வெந்துபோகும், புளிக்காது. நடுச் சாமத்தில் ஒருமுறை தண்ணீரைச் சூடாக்கி மாற்றினால் விடியும்போது உப்பியிருக்கும்.

விசில் வராவிட்டால் முதலில் மூடி விளிம்பைப் பாருங்கள். ஓரத்தால் ஆவி கசிந்தால் ரப்பர் வளையம் இறுகிவிட்டது. குளிரில் ரப்பர் விறைக்கும். இளஞ்சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து மாட்டினால் பல சமயம் சரியாகும். வெடிப்புத் தெரிந்தாலோ, இழுத்தால் திரும்பச் சுருங்காவிட்டாலோ மாற்றுங்கள். ஓரம் கசியாமலும் விசில் இல்லை என்றால் ஆவிக் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், அரிசித் துகள் நிற்கும். மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். ஒவ்வொரு சமையலுக்கு முன்னும் இந்தக் குழாயைப் பார்ப்பது கட்டாயம். தண்ணீர் வற்றிச் சேஃப்டி வால்வ் உருகிவிட்டால் ஈயம் வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. அதே கம்பனியின் வால்வையே வாங்கிப் போடுங்கள்.

அலுமினியம் உட்புறம் கறுத்தால் பயமில்லை, தேசிக்காய்த் தோல் போட்டு ஒரு கொதி கொதிக்கவைத்தால் வெளுக்கும். புளிச் சாமானை மட்டும் இரவு முழுக்க அதில் விடாதீர்கள். இன்டக்ஷன் அடுப்பு இருக்கும் வீட்டுக்குச் சாதா அலுமினியம் உதவாது; அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இந்தியத் தயாரிப்பு என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 2347 என்ற எண் இருக்க வேண்டும். வாங்குகிற அன்றைக்கே அதே மாடலுக்கான வளையம் இரண்டும் வால்வ் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். டிசம்பர் லீவில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, வளையத்துக்காக டவுனுக்கு பஸ் ஏற வேண்டியிராது.