பெயர் மாற்றிப் பட்டாளத்தில் சேர்ந்தவரைத் தேட: ஆஸ்திரேலிய தேசிய ஆவணக்காப்பகத்தின் ரெக்கார்ட்சர்ச்

முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியப் படையில் இருந்த ஒரு முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ரெக்கார்ட்சர்ச் என்ற இந்த இணையத் தேடல் தளம் அளவுக்குத் தாராளமான இலவசச் சேவை கிடைப்பது அபூர்வம். ஏறக்குறைய 3,76,000 பேரின் கோப்புகள் பி2455 (B2455) என்ற வரிசையில் முழுக்க ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. பிரிட்டனில் 1940 செப்டம்பரில் லண்டன் கிடங்கில் விழுந்த குண்டுக்குச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் சாம்பல். ஆஸ்திரேலியாவில் அந்த விபத்து நடக்கவில்லை. பெயர் மாற்றிச் சேர்ந்தவர்களைத் தேடும்போதுதான் இதன் அருமை தெரியும். பெயர் மாறிய கதை கோப்பில் தவிர வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது.

அப்படிச் சேர்ந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. வயது போதாத பையன்கள், கப்பலை விட்டு ஓடிய மாலுமிகள், மருத்துவப் பரிசோதனையில் ஒருமுறை கழித்துக்கட்டப்பட்டவர்கள், மனைவிக்குத் தெரியாமல் கிளம்பியவர்கள், ஜெர்மன் குடும்பப்பெயரை மறைக்க வேண்டியிருந்தவர்கள், ஒரு பிரிவிலிருந்து ஓடி வேறொரு பிரிவில் சேர்ந்தவர்கள் என்று பலவகை.

முகப்பில் இருக்கும் பெயர்த் தேடலை இவர்களுக்காக நம்ப வேண்டாம். சில கோப்புகளின் தலைப்பில் இரண்டு பெயர்களும் இருக்கும், பலவற்றில் இராது. உண்மைப் பெயரைப் போட்டுவிட்டு "முடிவு எதுவும் இல்லை" என்று வந்ததும் கைவிடுவதுதான் எல்லாரும் செய்வது. இந்தத் தளத்தின் உண்மையான பலம் தலைப்பு எழுதிய முறையில் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் சேவை எண், பிறந்த ஊர், சேர்ந்த ஊர், நெருங்கிய உறவினரின் பெயர் எல்லாம் வரிசையாக வரும், அத்தனையும் தேடலில் சிக்கும். ஆகவே விரிவான தேடலில் வரிசை எண்ணாக பி2455 கொடுத்து, ஆளின் பெயரை விட்டுவிட்டு, பிறந்த ஊரையும் அம்மாவின் பெயரையும் மட்டும் போடுங்கள். மகன் பெயரை மாற்றியிருப்பான், ஆனால் சம்பளத்தில் பங்கு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அம்மாவின் பெயரை மாற்ற முடியாது. சில சமயம் அம்மாவே "சிநேகிதி" என்றோ "அத்தை" என்றோ பதிவாகியிருப்பார், அதனால் உறவுமுறையைத் தேடலில் சேர்க்காதீர்கள். எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தால் சொல்லின் முன்பாதியை மட்டும் எழுதி, மீதிக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடலாம்.

பெயரை ஊகித்துத்தான் தேட வேண்டும் என்றால் அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரில் தொடங்குங்கள். துருக்கியின் கலிப்போலிப் போர்க்களத்தில் கழுதையில் காயம்பட்டவர்களைச் சுமந்த ஜான் சிம்ப்சன் உண்மையில் ஜான் சிம்ப்சன் கிர்க்பாட்ரிக். 1910இல் கப்பலை விட்டு ஓடியவர். 1914இல் அம்மாவின் குடும்பப்பெயரோடு நிறுத்திக்கொண்டு சேர்ந்தார். மாரிஸ் பக்லி என்ற சிப்பாய் 1916இல் விக்டோரியா மாநிலத்தின் லாங்வாரின் முகாமிலிருந்து ஓடினார். அதே ஆண்டு மே மாதம் சிட்னியில் ஜெரால்ட் செக்ஸ்டன் ஆனார். ஜெரால்ட் செத்துப்போன அண்ணன் தம்பிகளில் ஒருவரின் பெயர், செக்ஸ்டன் அம்மா வழி. வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் அவருக்கு முதலில் செக்ஸ்டன் என்ற பெயரில்தான் அறிவிக்கப்பட்டது. ஓடிப்போனவர் என்ற குறிப்போடு ஒரு கோப்பு சட்டென்று முடிந்தால், அந்தத் தேதிக்குப் பிந்தைய சில மாதங்களில், வேறு மாநிலத்தில் சேர்ந்தவர்களைப் பாருங்கள்.

கோப்பு கிடைத்ததும் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். மெல்போர்னில் இருந்த ஆவண அலுவலகத்துக்குக் குடும்பத்தார் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெயரைத் திருத்தக் கொடுத்த பிரமாணப் பத்திரம் இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் முன்பக்கத்துச் சேர்க்கைப் படிவத்தில் உயரம், கண் நிறம், மதம், பச்சை குத்திய அடையாளம், கையெழுத்து ஆகியவற்றை உங்களிடம் உள்ள புகைப்படம், கல்யாணப் பதிவு போன்றவற்றோடு ஒப்பிடுங்கள். வயதை மட்டும் நம்பாதீர்கள். ஏற்றியும் இறக்கியும் சொன்னார்கள். பி103 என்ற படிவத்தில் காயம், இடமாற்றம், தண்டனை எல்லாம் தேதிவாரியாக இருக்கும்.

வழுக்குகிற இடம் சேவை எண். பிரிவுக்குப் பிரிவு தனியாக எண் கொடுத்ததால் ஒரே எண்ணைப் பலர் வைத்திருந்தார்கள். குடும்பத்தில் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். எண்ணைப் பிரிவோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது சாட்சி.

தனியாக இந்தத் தளம் போதாது. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் கப்பலேறியோர் பட்டியலில் உறவினரின் முகவரி உண்டு. தெருப் பெயர் ஒத்துப்போனால் பாதிச் சந்தேகம் தீரும். இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் கூடுதல் தகவல் பகுதியைப் பாருங்கள். சிம்ப்சனின் கல்லறைக் கல்லிலேயே முழுப்பெயர் மேலே, சேவை செய்த பெயர் கீழே என்று இரண்டும் வெட்டியிருக்கிறது. முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள்தான் அதில் வருவார்கள். பிழைத்து வந்தவருக்கு அந்தத் தளம் உதவாது.

இரண்டாம் உலகப்போருக்குப் பி883, பி884 வரிசைகள். ஒரே ஆளுக்கு உள்நாட்டுப் படை எண் ஒன்றும், எக்ஸ் எழுத்துள்ள எண் ஒன்றும் இருக்கலாம், இரண்டையும் தேடுங்கள்.

தளத்தின் தோற்றம் பழைய காலத்து அரசு அலுவலகம்தான். தேடல் முடிவின் இணைப்பைச் சேமித்து வைத்தால் மறுநாள் திறக்காது. கோப்பின் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அது மாறாது.