ட்ரெயினிங் பேட்: யார் வாங்கலாம், எப்போது நிறுத்தணும்

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த வாரமே பலரும் வாங்குவது ட்ரெயினிங் பேட், அதாவது குட்டி வீட்டுக்குள் சிறுநீர், மலம் போகத் தரையில் விரிக்கும் ஈரம் உறிஞ்சும் விரிப்பு. அடுக்குமாடி வீட்டுக்கு உதவும் பொருள்தான், ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் ஊசிகள் 16 வாரம் வரை போகும். அந்த இடைவெளிக்குத்தான் பேட். தெருநாய் நுழையாத தோட்டத்தோடு தனி வீடு இருந்தால் இதை வாங்கவே வேண்டாம், முதல் நாளிலிருந்தே மண்ணில் பழக்குங்கள்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. குட்டி இடத்தை மட்டும் நினைவில் வைப்பதில்லை. காலடியில் எது படுகிறதோ அதையும் சேர்த்தே பழகிக்கொள்ளும். மெத்தென்ற பேடிலேயே பல மாதம் போன குட்டிக்குக் கால்மிதியும் ஒன்றுதான், கீழே விழுந்த துண்டும் ஒன்றுதான். பூங்காவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் நேராகப் பேடில் போகும் நாய்கள் இப்படித்தான் உருவாகின்றன.

பேடின் உள்ளே மரக்கூழ் பஞ்சும், ஈரத்தை ஜெல்லாக்கும் பாலிமர் தூளும் இருக்கும். அடியில் பிளாஸ்டிக் தாள். மெடிக்கல் ஷாப்பில் படுக்கை நோயாளிகளுக்கு விற்கும் அண்டர்பேடும் இதே அமைப்புதான், பெரும்பாலும் விலையும் குறைவு. குட்டியை இழுக்கும் வாசனை சேர்த்தது என்று விற்கும் பேடுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். குட்டியின் சிறுநீரைத் துடைத்த டிஷ்யூவைப் புதுப் பேடின் நடுவில் ஒற்றி எடுங்கள், அதைவிட நன்றாக வேலை செய்யும்.

அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லாப்ரடார் மாதிரி வளரும் குட்டிக்கு 60×60 செ.மீ. பத்தாது. முன்னங்கால் பேடில், பின்னங்கால் டைல்ஸில் என்று நிற்கும். அது சரியாகத்தான் வந்தது, ஈரம் மட்டும் வெளியே. 60×90 வாங்குங்கள். டைல்ஸில் வழுக்காமல் நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். கடித்துக் கிழிக்கும் குட்டியைப் பேடோடு தனியே விடவே கூடாது. ஜெல்லையோ பிளாஸ்டிக்கையோ விழுங்கியிருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

பேட் தானாக எதையும் கற்றுத் தராது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு 15–20 நிமிடத்தில், விளையாடி முடித்ததும் நீங்கள்தான் கூட்டிப்போகணும். இரண்டு மாதக் குட்டி விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை. தரையை மோந்தபடி வட்டமடித்தால் உடனே தூக்குங்கள். முடித்த மறுநொடியே, அந்த இடத்திலேயே, சின்னத் துண்டு வேகவைத்த சிக்கன். சமையலறைக்குப் போய் எடுத்து வந்தால், ஓடி வந்ததற்குப் பரிசு என்றுதான் குட்டி நினைக்கும். வேறிடத்தில் போய்விட்டால் அடிப்பதும், மூக்கைத் தேய்ப்பதும் வேண்டாம். உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போகத்தான் அது கற்றுக்கொள்ளும்.

தடுப்பூசி முடியும்வரை காத்திருக்காமல், பேடுக்குப் பக்கத்திலேயே புல்லையும் அறிமுகப்படுத்துங்கள். செயற்கைப் புல் ட்ரே தினமும் கழுவாவிட்டால் இரண்டே நாளில் நாறும். அதைவிட, நர்சரியில் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும் கார்பெட் புல்லை இரண்டுக்கு இரண்டடி ட்ரேயில் போட்டுப் பால்கனியில் வைப்பது எவ்வளவோ மேல். பூச்சி மருந்து அடிக்காத புல்லாகக் கேட்டு வாங்குங்கள். வாடினால் மாற்றலாம், வெளியே கிடைக்கப்போகும் புல்லும் அதுதான்.

மருத்துவர் வெளியே விடலாம் என்றதும், பேடைத் தினம் ஓரடி வாசல் பக்கம் நகர்த்துங்கள். தவறு நடந்தால் முந்தைய இடத்துக்கே திரும்பி, இரண்டு நாள் விட்டு மறுபடி நகர்த்தணும். கடைசியில், பயன்படுத்திய பேடில் ஒரு துண்டை வெட்டி, நாயை வழக்கமாகக் கூட்டிப்போகும் மூலையில் கல் வைத்து விரியுங்கள். போய் முடித்ததும் எடுத்துவிடுங்கள். கயிற்றில் பிடித்து ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். போனதும் நடைக்குக் கூட்டிச் செல்லுங்கள். போன உடனே வீட்டுக்குத் திருப்பினால், அடக்கி வைத்தால் வெளியே அதிக நேரம் இருக்கலாம் என்று புரிந்துகொள்ளும்.

பேடோடு சேர்த்து வாங்க வேண்டியது என்சைம் கிளீனர், சிறுநீரின் நாற்றத்தை மறைக்காமல் சிதைத்தே போக்கும் திரவம். ஃபினாயில் நம் மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கும், நாய் அதே இடத்தை மறுபடி கண்டுபிடிக்கும். பிளீச் கூடவே கூடாது, சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். பழைய துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, முன்பு ஃபினாயில் போட்ட தரையானால் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, என்சைம் கிளீனரை டைல்ஸ் இடுக்கில் இறங்கும்படி ஊற்றுங்கள். 10–15 நிமிடம் ஈரமாகவே இருக்கணும். உடனே துடைத்தால் காசு வீண்.

எத்தனை வாங்கலாம்? நூறு பேட் கட்டு மலிவு என்று வாங்காதீர்கள். தீரும்வரை விரிக்கத்தான் தோன்றும். நன்றாகப் பழகிய நாய் திடீரென வீட்டுக்குள் சொட்டுச் சொட்டாகப் போக ஆரம்பித்தால் மறுபடி பேட் விரிக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.