டன்லப், எம்ஆர்எஃப்: டயர் தொழிலுக்குள் இரண்டு வாசல்கள்

டன்லப் 1936-லேயே வங்காளத்தின் சஹாகஞ்சில் ஆலை போட்டது. இந்தியாவின் முதல் டயர் ஆலை அது. தொழில்நுட்பம், பணம், பெயர் எல்லாம் பிரிட்டனிலிருந்து தயாராக வந்தன. அம்பத்தூர் ஆலை பிறகு வந்தது.

எம்ஆர்எஃப் கதை நேர் எதிர். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்தார். 1952-ல் ட்ரெட் ரப்பருக்கு, அதாவது தேய்ந்த டயரின் மேல் ஒட்டும் ரப்பர் பட்டைக்கு, மாறினார். என்னைக் கேட்டால், கம்பெனியின் தலையெழுத்தை மாற்றியது அதுதான். தேய்ந்த லாரி டயரின் மேல்பரப்பைச் சுரண்டி, சொரசொரப்பாக்கி, பசை தடவி, புது ரப்பர் பட்டையைச் சுற்றி அச்சில் வேகவைப்பார்கள். டயர் மறுபடி ஓடும். புது டயர் வாங்கக் கையில் காசில்லாத லாரிக்காரருக்கு இது பெரிய விஷயம். டயர் எங்கே தேய்கிறது, எப்படி வெடிக்கிறது என்பது, டயர் செய்வதற்கு முன்பே இவர்களுக்குத் தெரிய வந்தது. 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்துடன் சேர்ந்து டயரில் இறங்கினார்கள். 1967-ல் அமெரிக்காவுக்கே ஏற்றுமதி!

டன்லப் 1980-களில் தொழிலதிபர் மனு சாப்ரியா கைக்கும், 2005-ல் ருயா குழுமத்துக்கும் போனது. சஹாகஞ்ச் பலமுறை மூடித் திறந்து, கடைசியில் நின்றே போனது. அங்கே வேலை பார்த்த குடும்பங்களை நினைத்தால் மனசு கனக்கிறது. முதலில் வந்தவர் டன்லப்தான், மறுக்க முடியாது. ஆனால் தொழில் தொடங்க வழி கேட்கிறவருக்கு நான் காட்டுவது ட்ரெட் ரப்பர் வழியைத்தான்.