மொரிஸ் மைனருக்கு எந்த ரயர்: குரொஸ் பிளையா, ரேடியலா?

எங்கள் வீட்டு 1963 மொரிஸ் மைனர் காருக்குப் போன வருடம் ரயர் மாற்றினேன். அதுவரை 5.20-14 அளவில் பழைய பாணிக் குரொஸ் பிளை. இப்போது 155 மி.மீ. அகல ரேடியல். திருகோணமலையில் உவர்மலை ஏற்றம், கந்தளாய் வீதி இரண்டிலும் இரண்டு வகையையும் ஓடிப் பார்த்தாயிற்று. நான் ரேடியல் பக்கம்தான்.

அழகில் குரொஸ் பிளைதான். ஒல்லியான அந்த ரயர் இல்லாமல் மைனரின் முகமே மாறிவிடுகிறது. கண்காட்சிக்கு மட்டும் எடுக்கிற காருக்கு அதையே போடலாம்.

ஓட்டம் வேறு கதை. குரொஸ் பிளையில் நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும். பக்கச்சுவரும் அடிப்பகுதியும் சேர்ந்தே இறுகியிருப்பதால், கார் வளைவில் சாய்ந்தால் ஒரு ஓரம் நிலத்தை விட்டுக் கிளம்பப் பார்க்கும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், மேலே உருக்குப் பட்டி. சுவர் நெளிந்து கொடுக்கும், அடிப்பகுதி தட்டையாகவே நிலத்தைப் பிடிக்கும். ஹபரணைப் பக்கம் யானையைக் கண்டு சடுதியாக பிரேக் அடித்தபோது கார் நேராக நின்றது.

ஆனால் எந்த ரயரென்றாலும் காற்றுத்தான் முக்கியம். கையேட்டில் குரொஸ் பிளைக்குச் சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல், முழுப்பாரம் ஏற்றினால் பின் ரயருக்கு 24. அதில் நாலு குறைந்தாலே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்: ஸ்டியரிங் பாரமாகும், ஓரங்கள் சூடேறித் தேயும். ரேடியலுக்கு நான் முன்னால் 26, பின்னால் 28 வைக்கிறேன். அதன் சுவர் எப்போதும் பிதுங்கியே தெரியும். அதைப் பார்த்து, காற்றுக் குறைவென்று ஒரு ரயர் கடைப் பையன் 40 அடித்துவிட்டான். நிலாவெளி வீதியில் பின்சீற்றில் இருந்த அம்மா, "என்ன தம்பி, கார் இப்பிடித் துள்ளுது?" என்றார். கண்ணை நம்பாமல் கேஜ் ஒன்று வாங்குங்கள். காலையில், கார் ஓடுமுன் அளவுங்கள். ஐந்தாறு பாகை சூடேறினால் ஒரு இறாத்தல் கூடும். கந்தளாய் போய் இறங்கியதும் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடக் கூடாது.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. சில்லின் உள்விளிம்பு துருப்பிடித்து ரியூபைச் சுரண்டிவிடும். என் காரில் வாரத்துக்கு மூன்று இறாத்தல் இறங்கிக்கொண்டிருந்தது. ரயர் மாற்றும்போது நான்கு சில்லையும் உரஞ்சிப் பெயின்ற் அடித்து, புது ரியூப் போட்டேன். இப்போது ஒன்றுகூட இறங்குவதில்லை. அந்தச் செலவில் மட்டும் கை இறுக்க வேண்டாம்.

ஒன்றையும் சொல்ல வேண்டும்: என் குரொஸ் பிளை இறப்பர் இறுகிப்போன பழசு, புதியது இதைவிட நன்றாக ஓடக்கூடும். ரேடியலிலும் நான் கண்டது ஒரேயொரு மாரிமழைதான்.

பழைய ரயரில் ஒன்றை ஸ்பெயாராக வைத்திருந்தேன். ஒரே அச்சில் இரண்டு வகை ஓடவே கூடாது என்பதால் அதையும் எடுத்துவிட்டு, ஐந்தாவது ரேடியல் வாங்கிப் போட்டேன்.