எஸ்எஸ்டி வேகத்தை மீட்டுத் தருகிறேன் என்றார்கள்: 4,800 ரூபாயும் போச்சு, டிரைவும் போச்சு

நேற்று ராத்திரிதான் தெரியவந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள். எஸ்எஸ்டி (கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் டிரைவ்) வேகத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். பில், ஜிஎஸ்டி கணக்கு, அப்பா காலத்து டிசைன் போட்டோக்கள், வேலையாட்களின் ஆதார் நகல் எல்லாம் ஒரே டெஸ்க்டாப்பில்தான். அதில் 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. வாங்கி இன்னும் நாலு வருஷம் முடியவில்லை. புதிதில் சுவிட்சைப் போட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிடும். இந்த வருஷம் டீக்கடை வரை போய்வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சிபியுவை வண்டியில் முன்னால் வைத்துக் கட்டி காரைக்குடிக்குக் கொண்டுபோனேன். ஒரு கம்ப்யூட்டர் சேல்ஸ் அண்ட் சர்வீஸ் கடை. பெயர் வேண்டாம். கடைக்காரன் (முதலில் 'கடைக்காரர்' என்றுதான் அடித்தேன், கை வரவில்லை) நன்றாகவே விளக்கினான். "எஸ்எஸ்டிக்குள்ள டேட்டா இருக்குற செல்லுல பழசை அழிச்சாத்தான் புதுசு எழுத முடியும்ணே. டேட்டாவைக் காப்பி எடுத்துட்டு, டிரைவை முழுசா அழிக்கிற செக்யூர் எரேஸ் குடுத்துட்டு, திரும்ப ஏத்தினா புதுசு மாதிரி ஆயிடும். ஒரு வருஷ மெயின்டனன்ஸும் சேர்த்து 4,800." 1953லேயே சிக்ரி ஆராய்ச்சிக்கூடம் திறந்த ஊராச்சே, கடைக்காரன்கூட விஞ்ஞானி மாதிரி பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் யோசித்தேன், உண்மைதான். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். "நீங்க ஆத்தங்குடியா? எங்க வீட்டுப் பட்டாலையில கெடக்குறது உங்க அப்பா போட்ட கல்லுதாண்ணே. இன்னும் முகம் பாக்கலாம்." அவ்வளவுதான். அப்பா கையால் போட்ட கல்லை மிதித்து நடக்கிறவன் ஏமாற்றுவானா? 4,800 ரூபாயையும் அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் 'எஸ்எஸ்டி சர்வீஸ் 4800 பெய்டு' என்று கிறுக்கிக் கொடுத்தான். அதையும் பத்திரமாகப் பர்ஸில் வைத்தேன் பாருங்கள்.

மூன்றாம் நாள் எடுத்துவந்தேன். நாலு நாள் பறந்தது. ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

போன் செய்தேன். "உங்க ஊர்ல கரண்ட் ஏறி இறங்கும்ணே, அதான்." மறுநாள், "டெக்னீஷியன் திருப்பத்தூர் போயிருக்கான், புதன்கிழமை வாங்க." புதன்கிழமை வேலையைப் போட்டுவிட்டுப் போனால், "வியாழன்னு தானே சொன்னேன்?" வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. ஒரு வருஷ மெயின்டனன்ஸ் என்றாயே என்று கேட்டேன். "அது சாஃப்ட்வேருக்கு மட்டும்ணே." 4,800 ரூபாய் கொடுத்தவனுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை.

நேற்று தங்கச்சி மகன் வந்தான், இன்ஜினியரிங் படிக்கிறான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இது எப்ப வாங்கினது?" என்றான். டிரைவ் ஓடிய நேரம் 38,214 மணி என்று காட்டியது. நாலு வருஷம் ராத்திரி பகலாக நிறுத்தாமல் ஓட்டினாலே 35,000 சொச்சம்தான் வரும். நான் சாயங்காலம் ஆறு மணிக்கு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன்.

மூடியைக் கழற்றினோம். அதே கம்பெனி, அதே 480 ஜிபி. ஆனால் ஸ்டிக்கர் சுத்தமாக இருந்தது. என்னுடையதை நானேதான் மாட்டினேன், கலர் கலக்கிய கையோடு. ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை சிவப்பு ஆக்சைடில் அப்படியே பதிந்திருக்கும். பழைய பில்லைத் தேடி எடுத்தோம். சீரியல் நம்பரும் வேறு.

என் டிரைவை வைத்துக்கொண்டு, எங்கேயோ ஓடித் தேய்ந்த டிரைவில் என் டேட்டாவை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். 4,800 ரூபாய் போனதைவிட, அத்தனை பேருடைய ஆதாரும் எவன் கையில் இருக்கிறதோ என்பதுதான் தூங்கவிடவில்லை. காலையில் கேட்டால், "நீங்க வேற பெட்டியோட பில்லைக் காட்டுறீங்கண்ணே" என்று சிரிக்கிறான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 4,800 ரூபாய்க்கு வேலையே இல்லை. 480 ஜிபி டிரைவை விண்டோஸ் 447 என்றுதான் காட்டும், அதில் 9 ஜிபிதான் காலி இருந்தது. எங்கள் பட்டறையில் கல்லைக் கண்ணாடி மேல்தான் வார்ப்போம். கழுவிய கண்ணாடி கையிருப்பில் இருந்தால் வேலை ஓடும், இல்லையென்றால் ஒவ்வொரு கல்லுக்கும் கழுவக் காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியும் அப்படித்தானாம், அழித்துவைத்த இடம் கையிருப்பில் இருந்தால்தான் வேகமாக எழுதும். எது காலி என்று விண்டோஸ் அதற்குச் சொல்வதுதான் டிரிம். என்னிடம் அதை வாராவாரம் தானாக ஓட்டும் ஷெட்யூல் அணைந்து கிடந்தது, முன்பு எவனோ போட்ட 'டியூன்அப்' புண்ணியத்தில். மருமகன் 120 ஜிபி போட்டோவை வெளி டிஸ்கில் எடுத்துவைத்து, 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்ற இடத்தில் ஒரு பொத்தானை அமுக்கினான். இந்தக் கழிசடை டிரைவே இப்போது ஓரளவு ஓடுகிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், லோடு ஏற்ற ஆள் வந்துவிட்டது. சுருக்கமாக: டிரைவில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். அந்த ஆப்டிமைஸ் ஷெட்யூல் ஓடுகிறதா என்று பாருங்கள். டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) செய்கிறேன் என்று வரும் வெளி மென்பொருள் எதுவும் எஸ்எஸ்டிக்கு வேண்டாம், தேய்மானம்தான். செக்யூர் எரேஸ் நிஜமான வழிதான், ஆனால் எல்லாம் அழிந்துபோகும், காப்பி உங்கள் கையில் இருக்க வேண்டும். கடையில் கொடுக்கும் முன் டிரைவ் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள். விசிட்டிங் கார்டு பில் ஆகாது. நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்றைக்கே பதிவு செய்துவிட்டேன்.

காரைக்குடி பக்கம் சமீபத்தில் யாராவது பழைய 480 ஜிபி டிரைவ் வாங்கியிருந்தால், ஸ்டிக்கர் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். சீரியல் நம்பர் 7714 என்று முடியும்.