மிளகின் வயிறும் அம்மாவின் எவர்சில்வர் டப்பாவும்

மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தது 2021 ஆகஸ்ட்டில். சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று இங்கே சிங்கப்பூரில் செல்லமாகச் சொல்லும் கலப்பின நாய். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் அப்படிப்பட்ட நாய்களை வளர்க்க வழிசெய்யும் 'அடோர்' திட்டத்தில் தத்தெடுத்தோம். கறுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும், இப்போது 14 கிலோ. கொண்டுவந்து விட்ட அக்கா, "வயிறு மட்டும் கொஞ்சம் லேசு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குப் புரிய ஒன்றரை ஆண்டு ஆனது.

காலை நடையில் முதல் தடவை ஓரளவு கெட்டியாகப் போகும். இரண்டாவது தடவை களி. மூன்றாவது தடவை குழம்பு, கூடவே சளி, சில நாள் ரத்தக் கீற்று. பையில் அள்ள முடியாது. தண்ணீர் பாட்டிலோடு புல்லைக் கழுவிக்கொண்டு நிற்பேன், காலையில் தைச்சி உடற்பயிற்சி பழகும் ஆன்ட்டிகள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ராத்திரி 2 மணிக்கு மின்தூக்கிக்காகக் காத்திருந்த நாள்களுக்குக் கணக்கே இல்லை.

எல்லோரும் சொன்ன வைத்தியம் கோழியும் சோறும். அம்மா குக்கரில் குழைய வேகவைத்து, எலும்பெடுத்து, ஆறவைத்துக் கொடுப்பார். ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் பழைய கதை. முந்தின நாள் பட்டினி போட்டதால் கிடைத்த நிம்மதியைத்தான் கோழிக்கஞ்சியின் வெற்றி என்று நம்பிக்கொண்டிருந்தோம். தயிர்சாதம், ஓமத்தண்ணீர் எல்லாமும் நடந்தன. ரசஞ்சோறு வரைக்கும் போகாமல் தடுத்தேன், ரசத்தில் பூண்டு இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம். ஆறு மாதத்தில் ஐந்து தீனி மாற்றினேன். பை தீரும் முன்பே அடுத்த பை. பழையதில் புதியதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து, 7 முதல் 10 நாள் எடுத்து மாற்ற வேண்டும் என்பதுகூடத் தெரியாது. முன்பக்கம் பெரிய எழுத்தில் ஆட்டுக்கறி என்று போட்டிருக்கும் பையின் பின்பக்கத்தைத் திருப்பினால் கோழிக் கொழுப்பு, கோழி மாவு. பொடி எழுத்தை முதலில் படிக்கும் பழக்கம் அதற்கப்புறம் வந்தது.

முதலில் பார்த்த ஒரு கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை தீர்ந்த வாரமே திரும்ப வரும். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதும் முன் மலத்தைக் கேட்டார். நாயை எம்ஆர்டி ரயிலில் ஏற்ற முடியாது, செல்லப்பிராணிகளை ஏற்றும் கிராப்பெட் வாடகைக் கார் பிடித்துப் போக வேண்டும். மடியில் மிளகு, கைப்பையில் அதன் 'மாதிரி', ஓட்டுநர் ஏசியைக் கூட்டிக்கொண்டே வந்தார். பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருந்தது. மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, படுக்கைத் துணியெல்லாம் வெந்நீரில் துவைத்து, மறுபரிசோதனையில் இல்லை என்றான பிறகும் வயிறு முழுதாகச் சரியாகவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு. குடல் நாள்பட அழற்சியோடு இருந்தால் பி12 சரியாக உறிஞ்சப்படாதாம். வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி போட்டோம். அதன் பிறகுதான் பசியும் எடையும் ஏறின.

அடுத்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணமான தீனி. 2023 பிப்ரவரியில் ராயல் கெனின் ஹைப்போஅலர்ஜெனிக் தொடங்கினோம். புரதத்தை உடல் அடையாளம் கண்டு எதிர்க்காத அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துச் செய்த தீனி, இதில் அது சோயாப் புரதம். எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையில் ஒரே ஒரு விதி: வேறு எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. தோல் அரிப்புக்கென்றால் எட்டு வாரமாவது வேண்டும், வயிற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திலேயே மாற்றம் தெரியும் என்றார் டாக்டர்.

வேறு எதுவும் கூடாது என்பதை மிளகிடம் சொல்வது சுலபம். அம்மாவிடம் சொல்ல வேண்டுமே! "வாயில்லா ஜீவன் பார்த்துக்கிட்டு இருக்குறப்ப எப்படிடா தோசை எறங்கும்?" என்பார். மேசைக்கடியில் நெய்த்தோசைத் துண்டு போவது எனக்குத் தெரியும். சண்டை போட்டுப் பார்த்தேன், இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, தோசை மட்டும் நிற்கவில்லை. கடைசியில் நாள் தீனியான 200 கிராமை நிறுத்து, அதிலிருந்து 30 கிராமை எடுத்து அம்மாவின் பழைய எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தேன். "இது உங்க பங்கு. எப்ப வேணுனாலும் குடுங்கம்மா." தோசைக்கும் நாய்த்தீனிக்கும் மிளகு வித்தியாசம் பார்க்கவில்லை, அம்மா கையிலிருந்து வந்தால் போதும் அதற்கு. இத்தனை ஆண்டில் நான் காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொருளும் இந்த டப்பா அளவுக்குப் பயன்படவில்லை.

மூன்றாம் வாரத்தில் கெட்டியானது. நாலாம் வாரம் மறுபடி குழம்பு. அம்மாவைச் சந்தேகப்பட்டேன், பாவம், அவர் சத்தியமே செய்தார். அப்போதுதான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். தினமும் என்ன சாப்பிட்டது, மலம் எப்படி என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு எழுதுவேன். 1 புழுக்கை, 7 தண்ணீர், 2 வந்தால் வீட்டில் கொண்டாட்டம். பழைய பக்கங்களைப் பார்த்தால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியை ஒட்டி ஒரு சரிவு. முதல் தேதி இதயப்புழுத் தடுப்பு மாத்திரை கொடுக்கும் நாள். கொசுவால் பரவும் நோய், இங்கே கொசு இல்லாத மாதம் ஏது, ஆண்டு முழுதும் கொடுத்தாக வேண்டும். நாய் விரும்பி மெல்லட்டும் என்று அதில் மாட்டிறைச்சிச் சுவை சேர்த்திருந்தார்கள். தோலில் விடும் சொட்டு மருந்துக்கு மாறினோம், அந்த மாதாந்திரச் சரிவு நின்றது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

எட்டாம் வாரம் முடிந்ததும் டாக்டர் சொல்படி வேகவைத்த கோழி மட்டும் சேர்த்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் 6. நிறுத்தினோம், ஒரு வாரத்தில் 2. இந்தக் கட்டத்தைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். இதைச் செய்யாவிட்டால் தீனி குணப்படுத்தியதா, தானாகச் சரியானதா என்று தெரியவே தெரியாது. மாட்டிறைச்சியும் ஆகவில்லை. கங்காரு இறைச்சி ஒத்துக்கொண்டது. தேக்கா சந்தையில் வாங்கி, முள்ளெடுத்து, உப்பில்லாமல் ஆவியில் வேகவைக்கும் மீனும் ஒத்துக்கொண்டது.

இப்போது இரண்டரை ஆண்டுக்கு மேலாக முக்கிய உணவு அதே தீனிதான். விலை முன்பு வாங்கியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு, மாதா மாதம் கை கடிக்கத்தான் செய்கிறது. மிளகுக்கு அதன் ருசி பெரிதாகப் பிடித்ததாகவும் தெரியவில்லை, வெந்நீர் கொஞ்சம் தெளித்தால் சாப்பிடுகிறது. ஆனால் கிளினிக் செலவைக் கழித்துப் பார்த்தால் எனக்கு லாபம். முழுக்க வீட்டிலேயே சமைக்கலாமா என்று கேட்டதற்கு, சுண்ணாம்புச்சத்து முதலானவற்றைக் கணக்குப் போட்டுச் சேர்க்காமல் வெறும் இறைச்சியும் சோறும் நீண்ட நாள் கொடுக்கக்கூடாது என்றார் டாக்டர். அந்தக் கணக்கில் இறங்க எனக்குத் தைரியமில்லை.

மஞ்சள் பூசணி ஒரு மேசைக்கரண்டி, வேகவைத்து மசித்தது, லேசான நாள்களில் கைகொடுக்கிறது. குடலுக்கு நல்ல பாக்டீரியா தரும் புரோபயாடிக் பொடியில் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இரண்டு டப்பா முடித்துவிட்டு நிறுத்தினோம். விடிகாலையில் மஞ்சளாகப் பித்தவாந்தி எடுக்கும் பழக்கம், இரவு 10.30க்கு ஒரு கைப்பிடி தீனி கொடுக்க ஆரம்பித்ததும் நின்றது. இதற்குக் காசே செலவாகவில்லை.

இன்னும் தீராத தலைவலி தரையில் கிடப்பது. புறாக்களுக்கு யாரோ வீசும் ரொட்டி, கோப்பிக் கடைப் பக்கம் கோழி எலும்பு. எல்லாவற்றையும்விட, மறைந்த பெரியவர்களுக்குப் படையல் வைக்கும் சீனர்களின் ஏழாம் மாதம். எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிப் புல்தரை நெடுக ஊதுபத்தியும் படையலும் இருக்கும். போன ஆண்டு ஒரு விநாடி நான் கைப்பேசியைப் பார்த்தேன், படையலிலிருந்த வறுத்த பன்றியிறைச்சித் துண்டு ஒன்று காணாமல் போனது. பெரியவர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நான்கு நாள் 6. இந்த ஆண்டு அந்த மாதம் முழுக்கக் கூடை வாய்மூடி போட்டு, கார்நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்தில்தான் நடை. நோட்டுப் புத்தகத்தில் அந்த மாதப் பக்கம் முழுக்க 2, ஒரே ஒரு நாள் 3. அந்த நாளுக்கு எதிரே அம்மா தன் கையெழுத்தில் "நான் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறார்.